உங்கள் எரிச்சல் கணினிக்கு விளங்குமா?

வாழைச்சேனை தாண்டி வாகரைக்குப் போகும் பாதையில் இருக்கிறது மாங்கேணி. பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் அங்கே கடற்கரையில் கிரிக்கெட் தொடங்கிவிடும். தென்னை மட்டையைச் செதுக்கிச் செய்த பெட், விக்கெட்டுக்கு மூன்று கம்பு. பெரிய அண்ணன்மார் விளையாடிக்கொண்டிருக்கும்போது ஆறு வயதுத் தம்பி ஒருவன் வந்து, தனக்கும் பெட் வேண்டும் என்று அடம்பிடித்து நிற்பான். அண்ணன் என்ன செய்வார்? நாலு எட்டு முன்னால் வந்து பந்தை மெல்ல உருட்டி விடுவார். தம்பி இரண்டு பந்தை அடித்துவிட்டால் மூன்றாவதைக் கொஞ்சம் வேகமாகப் போடுவார். விக்கெட் விழுந்து தம்பியின் சொண்டு பிதுங்கத் தொடங்கினால், "அழாதடா தம்பி, அது நோ போல். மறுகா ஒருக்காப் போடுறன்" என்று ஒரு பொய்யும் சொல்லிவிடுவார்.

இதில் அந்த அண்ணன் செய்தது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். தம்பியின் முகத்தைப் பார்த்தார், மனதில் என்ன நடக்கிறது என்று ஊகித்தார், என்ன செய்யலாம் என்று தீர்மானித்தார், பந்தின் வேகத்தை மாற்றினார். நாலும் ஒரே செக்கனுக்குள் நடந்து முடிந்தன. இதே நாலையும் ஒரு கணினியைக்கொண்டு செய்விக்கப் பல்கலைக்கழகங்களில் படித்த பெரியவர்கள் ஏறத்தாழ 30 ஆண்டுகளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். விளையாடுகிறவரின் மனநிலைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் கணினி விளையாட்டு ஒன்றை ஆக்குவதுதான் அவர்களுடைய ஆசை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இருக்கும் ரோசலிண்ட் பிக்கார்ட் என்ற பேராசிரியர் 1995இல் ஓர் அறிக்கை எழுதினார். 1997இல் அதைப் புத்தகமாகவும் விரித்தார். மனிதர்களோடு பழகுகிற கணினிக்கு மனிதர்களின் உணர்ச்சியைக் கவனிக்கவும் தெரியவேண்டும் என்பது அவர் சொன்ன செய்தி. அந்தக் காலத்தில் கணினி என்றால் கணக்குப் போடுகிற பெட்டி. அதற்குப் போய் அழுகையும் சிரிப்பும் எதற்கு என்று பலர் கேட்டிருப்பார்கள். இன்று அது தனி ஒரு துறை.

சரி, விளையாட்டுக்கு வருவோம். உங்கள் போனில் இருக்கிற விளையாட்டுகளும் தங்களை மாற்றிக்கொள்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். நாலு தடவை தோற்றால் ஐந்தாம் தடவை கொஞ்சம் லேசாக விட்டுக்கொடுக்கும் விளையாட்டுகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவை பார்ப்பது புள்ளியை மட்டும். இரண்டு பேர் ஒரே 40 புள்ளி எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கொட்டாவி விட்டபடி எடுத்தாள். மற்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த நிமிடம் போனை எறிந்துவிடுவாள் போல எடுத்தாள். புள்ளிக்கு இரண்டும் ஒன்றுதான். கடற்கரை அண்ணனுக்கு ஒன்றல்ல.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஓர் ஆய்வுக்குழு, ஆடுகிறவரின் மனநிலையைக் கணினியால் அறிய முடியுமா என்று டெட்ரிஸ் விளையாட்டை வைத்துச் சோதித்துப் பார்த்தது. மேலிருந்து விழுகிற கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கவேண்டிய அந்த விளையாட்டை உங்களில் பலர் விளையாடியிருப்பீர்கள். அதை லேசு, நடுத்தரம், கடினம் என்று மூன்று மட்டங்களில் ஆடவிட்டார்கள். ஆடுகிறவர்களின் தலையிலும் உடம்பிலும் உணரிகளைப் பொருத்தி, மூளையின் மின்னலைகளையும் உடம்பு காட்டும் மற்ற அடையாளங்களையும் பதிவுசெய்தார்கள். லேசான மட்டத்தில் சலிப்பு, நடுத்தரத்தில் ஈடுபாடு, கடினத்தில் பதற்றம் என்று மூன்று மனநிலைகள் பிரிந்து தெரிந்தன. ஒரே மட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடினால் சலிப்பு வந்துவிடுகிறது என்பதும் தெரிந்தது. (இதைக் கண்டுபிடிக்க ஜெனீவா வரை போகவேண்டுமா என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் தெரிந்ததையும் அளந்து காட்டினால்தான் விஞ்ஞானம் அதை ஏற்றுக்கொள்ளும்.) பிறகு, உடம்பின் அடையாளங்களை மட்டும் கணினியிடம் கொடுத்து, "இந்த ஆள் இப்போது எந்த மனநிலையில் இருக்கிறார்?" என்று கேட்டார்கள். எல்லா அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தபோது 100க்கு 63 தடவை வரை கணினி சரியாகச் சொன்னது. 2011இல் வெளியான முடிவு இது.

63 என்றால் நல்லதா, கெட்டதா? மூன்று விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 100க்கு 33 தடவை சரியாக வரும். அதைவிட 63 எவ்வளவோ மேல். ஆனால் மூன்றில் ஒரு தடவைக்கும் மேலாக உங்களைப் பிழையாக விளங்கிக்கொள்கிற ஒரு சிநேகிதனை நீங்கள் எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்வீர்கள்? இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வைச் சொல்கிறேன். அதில் இருப்பவர்கள் முழுக்க உங்கள் வயதுப் பிள்ளைகள். அதை நடத்தியவர்களில் ஒருவர் ஸ்ரீகாந்த் நாராயணன். சென்னையில் உள்ள கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து 1988இல் பட்டம் பெற்றுவிட்டு அமெரிக்காவுக்குப் போனவர். இப்போது லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மனிதக் குரலுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்று தேடுவது அவருடைய ஆய்வுகூடத்தின் வேலை.

அந்த ஆய்வில் பிள்ளைகள் ஒரு துப்பறியும் விளையாட்டை ஆடினார்கள். கார்மென் சான்டியேகோ என்ற கள்ளி அமெரிக்காவில் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்று தேடிப் போகவேண்டும். சாதாரணமாக அதை விசையை அழுத்தி ஆடுவார்கள். இங்கே பிள்ளைகள் வாயால் கட்டளை சொல்லவேண்டும், கணினி அதைக் கேட்டு நடக்கும். அப்படித்தான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் பிள்ளையின் கண்ணில் படாமல் ஒரு பெரியவர் இருந்தார். பிள்ளை சொன்னதைக் கேட்டு, விளையாட்டை நகர்த்தியவர் அவர்தான்! கணினி ஆய்வில் இப்படிச் செய்வதற்கு "ஓஸ் மந்திரவாதி முறை" என்று பெயர். திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து தன்னைப் பெரிய மந்திரவாதி என்று காட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றிய பழைய கதையிலிருந்து வந்த பெயர்.

ஏன் இந்தக் கள்ளவேலை? பிள்ளைகள் கணினியோடு எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்தால்தான் அவர்களின் பேச்சை விளங்கும் கணினியைச் செய்யலாம். அந்தக் கணினி இன்னும் செய்யப்படவில்லை. ஆகவே அது வரும்வரை அதன் இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்துகொள்கிறார்.

விளையாட்டு ஒத்துழைத்தபோது பிள்ளைகள் பணிவாகக் கேட்டார்கள். ஒத்துழைக்காதபோது எரிந்து விழுந்தார்கள். இப்படிப் பதிவான குரல்களில் 7 முதல் 14 வயது வரையான 103 பிள்ளைகளின் பேச்சை எடுத்து, இது பணிவு, இது எரிச்சல், இது இரண்டும் இல்லை என்று பிரித்தார்கள். பிறகு அதே வேலையைக் கணினிக்குப் பழக்கினார்கள். அதற்கு மூன்று வகைத் தடயங்களைக் கொடுத்தார்கள். பிள்ளை என்ன சொல் சொன்னது என்பது ஒன்று. எந்தத் தொனியில் சொன்னது என்பது மற்றொன்று. அந்த நேரத்தில் விளையாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது மூன்றாவது.

முடிவு என்ன தெரியுமா? பணிவைக் கண்டுபிடிக்கச் சொற்களே அதிகம் உதவின. எரிச்சலைக் கண்டுபிடிப்பதில் தொனியும், விளையாட்டில் நடந்துகொண்டிருந்ததும் முந்திக்கொண்டன. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு உண்மை! எரிச்சல் வந்த பிள்ளை புதிய சொல் எதையும் தேடிப் போகாது. சொன்னதையே இன்னொரு தரம் சொல்லும், ஆனால் குரல் வேறாக இருக்கும். "திற" என்பதை முதல் தடவை சொல்வதற்கும், நாலு தடவை சொல்லியும் பெட்டி திறக்காதபோது ஐந்தாம் தடவை சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் காட்ட முடியாது. மூன்று தடயங்களையும் சேர்த்துப் பார்த்தபோது கணினி இன்னும் நன்றாகக் கண்டுபிடித்தது. அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பணிவைப் பொறுத்தவரை, ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளையும், மற்ற வயதினரைவிட 10, 11 வயதினரையும் கணினி சரியாக இனங்கண்டது. ஏன் அந்த வயது? உங்கள் வகுப்பில் பேசிப் பாருங்கள், எனக்கு இரண்டு மூன்று சந்தேகங்கள் உண்டு, ஆனால் சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணினி பழகியது அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளின் குரலில். மாங்கேணியில் சிநேகிதர்கள் சிரித்துக்கொண்டு "போடா" என்பதும், கோபத்தில் "போடா" என்பதும் அதற்கு விளங்காது. கணினி மக்கு என்பதால் அல்ல. யாரும் அதைக் கேட்கவைக்கவில்லை, அவ்வளவுதான். தமிழ்ப் பிள்ளைகளின் குரலை, அதிலும் நம்முடைய மட்டக்களப்புப் பேச்சில் ஒலிக்கிற குரலைச் சேர்த்து, பொறுமையாகப் பிரித்து, கணினிக்குப் பழக்குவது ஒரு நல்ல ஆய்வு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நீங்கள் வளர்ந்து அங்கே கணினி படிக்கப் போகும்போது செய்ய வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குரலை விடுங்கள். வாயைத் திறக்காமல் ஆடுகிறவரை எப்படி அறிவது? அதற்குத்தான் உடம்பில் ஒட்டும் உணரிகளும், அவற்றைப் படிக்கிற குட்டிக் கணினிகளும்.

உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள். அதில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. உடம்பின் மற்ற இடங்கள் பெரும்பாலும் சூட்டுக்கு வியர்க்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் பயத்துக்கும் ஆவலுக்கும் வியர்க்கும். பரீட்சை மண்டபத்தில் பேனை வழுக்குவது அதனால்தான். மனம் பரபரப்படைந்தால், நீங்கள் கேட்காமலே உங்கள் பரிவு நரம்புகள் அந்தச் சுரப்பிகளைத் தூண்டிவிடும். வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே இரண்டு விரல்களுக்கு இடையே மிக மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டுப் பார்த்தால், பரபரப்பான நேரத்தில் அது சற்று இலகுவாகப் போகும். பிரான்சில் ஃபெரே என்ற மருத்துவர் 1888இலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். கணினி விளையாட்டைப் பற்றி அந்தக் காலத்தில் யார் கனவு கண்டார்கள்?

நாடித்துடிப்பை அறிய இன்னும் அழகான ஒரு வழி உண்டு. இருட்டில் போனின் டோர்ச் வெளிச்சத்தை விரல் நுனியால் மூடுங்கள், விரல் சிவப்பாக ஒளிரும். இரத்தம் சிவப்பு ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை, பச்சை ஒளியை நன்றாக விழுங்கிவிடும். இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் விரலுக்கு வரும் இரத்தம் கொஞ்சம் கூடிக் குறையும். ஆகவே தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளந்தால், அதுவும் துடிப்போடு சேர்ந்து குறைந்து கூடும். கைக்கடிகாரங்களின் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்குவது இதற்குத்தான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 0.75 செக்கன் என்றால், 60ஐ அதனால் பிரியுங்கள். நிமிடத்துக்கு 80 துடிப்பு.

இதையெல்லாம் கணக்கிடுவதற்குப் பெரிய கணினி தேவையில்லை. ஆர்டுயினோ என்றொரு பலகை இருக்கிறது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற சின்ன நகரத்தில், மாணவர்கள் மலிவாகக் கற்றுக்கொள்வதற்காக ஆக்கியது. அதில் பெயர்பெற்ற ஊனோ என்ற வகை உள்ளங்கைக்குள் அடங்கும். அதிலிருக்கும் சில்லுக்கு வேலைசெய்யும்போது பயன்படுத்த உள்ள நினைவகம் 2048 பைட் மட்டும். கணினியில் தமிழில் "மாங்கேணி" என்று எழுத 24 பைட் வேண்டும். 85 தடவை அந்த ஊர்ப் பெயரை எழுதினால் அதன் நினைவகம் நிறைந்துவிடும், 86வது தடவைக்கு இடம் போதாது. இவ்வளவு சின்ன மண்டையை வைத்துக்கொண்டு அது விரலின் வியர்வையையும் துடிப்பையும் ஒரு செக்கனில் பல தடவை அளக்கிறது. உணரியில் இருந்து வரும் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையான ஓர் எண்ணாக மாற்றும், பழைய எண்ணோடு ஒப்பிடும், விளையாட்டுக்குச் செய்தி அனுப்பும். துணி கழுவும் இயந்திரத்துக்குள்ளும் தொலைக்காட்சி ரிமோட்டுக்குள்ளும் இதன் உறவினர்கள்தான் இருக்கிறார்கள். ஒரு பொருளுக்குள் ஒளிந்திருந்து, தனக்கு என்று கொடுத்த ஒரே வேலையைச் செய்கிற கணினி. இந்த வகையை உட்பொதி கணினி என்பார்கள்.

(ஒரு கட்டாய எச்சரிக்கை. உடம்பில் தொடுகிற எந்தக் கருவியும் சின்ன பற்றரியில்தான் ஓடவேண்டும். சுவர் மின்சாரத்தில் செருகிய ஒன்றின் கம்பியை விரலில் கட்டுவது விளையாட்டல்ல. கருவி செய்து பார்க்க விரும்புகிறவர்கள் விஞ்ஞான ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

இப்போது சிக்கலுக்கு வருவோம். உங்கள் கை வியர்க்கிறது, நாடி 110. நீங்கள் பயப்படுகிறீர்களா? சந்தோஷத்தில் துள்ளுகிறீர்களா? அல்லது கடற்கரையிலிருந்து இப்போதுதான் ஓடிவந்து உட்கார்ந்தீர்களா? மூன்றுக்கும் உடம்பு ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும். உணரிக்குத் தெரிவது, உடம்பு கிளர்ந்திருக்கிறது என்பது மட்டும். ஏன் கிளர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் ஒழுங்காக வேலைசெய்த கருவியைச் சித்திரை வெயிலில் மாங்கேணிக்குக் கொண்டுவாருங்கள். கையில் பூசிவைத்தது போல வியர்வை இருக்கும். ஊரே பயந்துபோய் இருக்கிறது என்று அது அறிக்கை எழுதும்!

அதனால்தான் ஆய்வாளர்கள் முதலில் ஆளைச் சில நிமிடம் சும்மா இருக்கவைத்து அளப்பார்கள். அது அவருடைய அடிநிலை. பிறகு வருவதை எல்லாம் அதோடு ஒப்பிடுவார்கள். வியர்வை வேறு உடனே வராது, மனம் திடுக்கிட்டு ஒன்று முதல் மூன்று செக்கன் கழித்துத்தான் தோல் அதைக் காட்டும். வேகமான ஓட்டப் பந்தய விளையாட்டில் மூன்று செக்கனுக்குள் மூன்று வளைவு போய்விடும். எந்த வளைவு உங்களைத் திடுக்கிடவைத்தது என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் பார்க்கவேண்டும்.

எரிச்சல் என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது என்ன? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கியெல் கில்லியேட், அலன் டிக்ஸ் என்ற இருவர் 2004இல் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொன்னார்கள். விளையாட்டுக்குள் வருகிற எரிச்சல் வேறு, விளையாட்டின்மேல் வருகிற எரிச்சல் வேறு. புதிரை எப்படி அவிழ்ப்பது என்று தெரியாமல் தவிப்பது முதலாவது. புதிருக்கு விடை தெரிந்தும், விரல் ஈரத்தில் திரை தொடுகையை ஏற்காமல் தோற்பது இரண்டாவது. முதலாவதற்கு ஒரு சின்னத் துப்புக் கொடுத்தால் போதும். இரண்டாவதற்குத் துப்புக் கொடுத்தால் என்ன ஆகும்? "அது எனக்குத் தெரியும்!" என்று எரிச்சல் இரட்டிப்பாகும். மனநிலையை அறிந்தது மட்டும் காணாது, அதன் காரணத்தையும் அறியவேண்டும். மேலே சொன்ன கலிபோர்னிய ஆய்வில், விளையாட்டில் என்ன நடந்தது என்ற தடயம் ஏன் அவ்வளவு உதவியது என்று இப்போது புரிகிறதா?

எல்லா விளையாட்டும் இரக்கம் காட்டவேண்டும் என்றும் இல்லை. அதே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எரின் ரெனால்ட்ஸ் என்ற மாணவி தன் பட்டப்படிப்புக்காகத் தொடங்கிய ஒரு விளையாட்டு, 2015இல் "நெவர்மைண்ட்" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெரியவர்களுக்கான திகில் விளையாட்டு அது. அதில் ஒரு குசினிக் காட்சி. உங்கள் நாடித்துடிப்பை உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பதற்றப்பட்டால் குசினிக்குள் பால் நிரம்பத் தொடங்கும். நிரம்புவதைப் பார்த்து இன்னும் பதறினால் பால் இன்னும் ஏறும். மூச்சை ஆறுதலாக இழுத்து விட்டு மனதை அடக்கினால்தான் வடியும். பயந்தவருக்கு இலகுவாக்கிக் கொடுக்காமல், பயத்தை அடக்கப் பழக்குகிற விளையாட்டு. கடற்கரை அண்ணன் இப்படிச் செய்தால் தம்பி அம்மாவிடம் ஓடிவிடுவான். ஆனாலும் எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது.

இவை எல்லாம் புத்தம்புதிது என்றும் நினைக்கவேண்டாம். 1998இல் ஜப்பானில் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த ஒரு டெட்ரிஸ் விளையாட்டோடு, காதுச் சோணையில் கவ்விக்கொள்ளும் நாடி உணரி ஒன்றையும் கொடுத்தார்கள்.

உணரி இல்லாமலும் ஒருவரின் மனதை அறியலாம். அதற்கு நம்முடைய நாட்டுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சுரங்க நாணாயக்கார என்ற இலங்கையர் சிங்கப்பூரில் ஆய்வு மாணவராக இருந்தபோது, காது கேளாதவர்கள் இசையை அனுபவிக்க ஒரு கதிரை செய்தார். கைப்பிடியிலும் கால் வைக்கும் இடத்திலும் ஒலிபெருக்கிகளைப் பொருத்தியிருந்தார். இசை அதிர்வாக மாறி உடம்புக்குள் இறங்கும். இசைக்கு ஏற்ற படங்களும் திரையில் ஓடும். மொறட்டுவையில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பாடசாலை ஒன்றிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான ஆய்வில் 43 பேர் பங்குபற்றினார்கள். அவர்களின் சந்தோஷத்தை அறிய யாருடைய வியர்வையையும் அளந்துகொண்டிருக்கவில்லை. எது பிடித்தது என்று அவர்களையே கேட்டார்கள். 54 வீதமானவர்கள் கதிரை மட்டும் போதும் என்றார்கள், மற்ற 46 வீதமானவர்கள் கதிரையும் படமும் சேர்ந்து வேண்டும் என்றார்கள். படம் மட்டும் போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கதிரையைச் செய்யத் தொடங்குவதற்கு முன்பே, காது கேளாத இசைக்கலைஞர்கள் இருவரிடம் ஆலோசனையும் பெற்றிருந்தார்கள்.

ஒருவரின் மனதை அறிய மிக மலிவான கருவி, அவரைக் கேட்பதுதான். இதை நான் எந்தப் பெரிய ஆய்வாளர் முன்னாலும் சொல்வேன். ஆனால் விளையாட்டின் நடுவில் பத்துச் செக்கனுக்கு ஒரு தடவை "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த இடத்தில்தான் உணரிகள் உதவிக்கு வருகின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் மனம் எப்போது இளகும் என்று தெரிந்துகொண்ட ஒரு விளையாட்டு, அதை உங்களுக்காகத்தான் பயன்படுத்தும் என்று என்ன உத்தரவாதம்? நீங்கள் தோற்றுத் துவண்ட அதே நிமிடத்தில் "இன்னொரு உயிர் வாங்கு, காசைக் கட்டு" என்று திரையில் காட்டவும் அதே அறிவு போதும். ஆடுகிறவர்களைப் பொருள் வாங்கத் தூண்டும் விதமாக எதிராளிகளோடு சோடி சேர்க்கும் ஒரு முறைக்கு, அக்டிவிஷன் என்ற பெரிய விளையாட்டு நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதை எந்த விளையாட்டிலும் பயன்படுத்தவில்லை என்று அந்த நிறுவனம் சொன்னது. சொன்னது இருக்கட்டும், யோசித்தார்கள் அல்லவா? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. மருத்துவம், பாதுகாப்புப் போன்ற காரணங்கள் இருந்தால் ஒழிய, பாடசாலையிலும் வேலைத்தளத்திலும் கணினியை வைத்து ஒருவரின் உணர்ச்சியை ஊகிப்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது. 2025 பெப்ரவரி முதல் அந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. வகுப்பில் நீங்கள் சலிப்படைந்ததை ஒரு கமரா கண்டுபிடித்து ரீச்சரிடம் கோள் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று விளங்கும்.

கடைசியாக ஒரு பரிசோதனை. காசு செலவில்லை, ஒரு மணிக்கூடும் ஒரு கரம் போட்டும் போதும். இரண்டு பேர் கரம் ஆடட்டும், மூன்றாவது ஆள் ஆய்வாளர். ஆட்டம் தொடங்குமுன் இருவரும் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். பிறகு மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 30 செக்கன் நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அதுதான் அடிநிலை, கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் அவ்வப்போது நிறுத்தி நாடியைத் திரும்ப எண்ணுங்கள். எண்ணை மட்டும் வைத்து, இவருக்கு இப்போது சலிப்பா, ஈடுபாடா, பதற்றமா என்று ஊகித்து எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் அவரைக் கேட்கவேண்டும். அவர் சொல்வதைப் பக்கத்து நிரலில் எழுதுங்கள். ஆய்வாளர் பலகைக்கு முதுகு காட்டித்தான் இருக்கவேண்டும், முகத்தையோ சிவப்புக் காய் விழுந்ததையோ பார்த்துச் சொன்னால் அது அளாப்பல். ஆடுகிறவர்களும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்.

முப்பது ஊகமாவது சேர்ந்த பிறகு எத்தனை சரி என்று எண்ணி, 100க்கு எத்தனை என்று கணக்குப் போடுங்கள். 33ஐச் சுற்றி நின்றால் உங்கள் விரல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. 63ஐத் தாண்டினால் ஜெனீவாக் கணினியை முந்திவிட்டீர்கள். அப்படித் தாண்டினால் முதலில் செய்யவேண்டியது, ஆய்வாளர் இடையில் திரும்பிப் பார்த்தாரா என்று விசாரிப்பது.